பதின்மூன்று படமும் பார்த்தாச்சு, எதை எங்கே வைப்பது? திகில் தொடரைத் தரவரிசைப்படுத்த முழுமையான வழிகாட்டி

ஒரு திகில் தொடரின் எல்லாப் பாகங்களையும் அடுத்தடுத்துப் பார்த்து முடித்த கையோடு தரவரிசை எழுத உட்கார்ந்தால், அந்தப் பட்டியல் பெரும்பாலும் தப்பாகத்தான் வரும். எந்தப் படத்தை எத்தனை மணிக்குப் பார்த்தோம், எதற்குப் பிறகு பார்த்தோம், அப்போது கண் எவ்வளவு சொருகியது என்பதெல்லாம் நமக்குத் தெரியாமலே மதிப்பெண் போட்டுவிடும். நள்ளிரவு தாண்டிப் பார்த்த படம் தன் குற்றம் ஏதும் இல்லாமல் இரண்டு இடம் இறங்கும். படுமோசமான ஒரு பாகத்தை அடுத்து வந்த சுமாரான படம் மலைபோல நிமிர்ந்து நிற்கும். களைப்பையும் வரிசையையும் கழித்துவிட்டு, படம் நம்மை என்ன செய்தது என்பதை மட்டும் எப்படி எடைபோடுவது? கீழே உள்ள எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

உதாரணத்துக்கு ஹாலோவீன் தொடரை எடுத்துக்கொள்கிறேன். முகமூடி போட்ட கொலைகாரன் மைக்கேல், முதல் படத்தில் அவனிடமிருந்து தப்பும் லாரி, அவனைத் துரத்தும் டாக்டர் லூமிஸ், இவர்களைச் சுற்றித்தான் கதை. 1978 முதல் 2022 வரை 13 படங்கள், சேர்த்துப் பார்த்தால் சுமார் 21 மணி நேரம். வில்லனே இல்லாத ஒரு பாகம், ஒரே படத்துக்கு இரண்டு வடிவங்கள், முந்தைய பாகங்களை அழித்து எழுதிய பாகங்கள் என்று தரவரிசைக்குத் தொல்லை தரும் எல்லாமே இந்த ஒரு தொடரில் இருக்கிறது. இதில் பழகிவிட்டால் வேறு எந்தத் தொடரும் எளிதுதான். முடிவுகளைப் பற்றியும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: எதெல்லாம் கணக்கில் வரும்?

பார்க்கத் தொடங்கும் முன்பே பட்டியலை மூடிவிடுங்கள். ரீபூட், அதாவது கதையை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கும் படம், சேருமா, வில்லன் இல்லாத பாகம் சேருமா, எந்த வடிவம் செல்லும் என்பதெல்லாம் இப்போதே முடிவாகட்டும். பார்த்து முடித்தபின் முடிவு செய்தால், பிடிக்காத படத்தைப் பட்டியலிலிருந்தே தள்ளிவிடச் சாக்குத் தேடுவோம்.

வடிவங்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 1995இல் வந்த ஆறாவது படத்துக்கு, தியேட்டரில் வெளியானது ஒன்று, தயாரிப்பாளர் வடிவம் என்று பின்னால் பெயர் பெற்றது ஒன்று என இரண்டு உண்டு. டாக்டர் லூமிஸாக நடித்துவந்த டொனால்ட் பிளெசன்ஸ் படம் வெளியாகும் முன்பே காலமானார். அதன் பிறகு எடுத்துச் சேர்த்த காட்சிகளில் அவர் இல்லை. கடைசிப் பகுதி இரண்டிலும் வேறு வேறு. ராப் ஸோம்பி இயக்கிய 2007, 2009 படங்களுக்கும் நீளமான வடிவங்கள் இருக்கின்றன. தியேட்டருக்கு வந்த வடிவத்துக்குத்தான் இடம், மற்றது அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு என்பது என் விதி. மாற்று வடிவம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் படத்தை மேலே ஏற்றினால், மற்ற பெரும்பாலான படங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லையே.

படி 2: எந்த வரிசையில் பார்ப்பது?

வெளியான வரிசையில் பாருங்கள். கதைக் கால வரிசைதான் சரி என்று வாதாடுபவர்கள் உண்டு. ஆனால் ஹாலோவீனில் ஒரே ஒரு கால வரிசை கிடையாது. முதல் இரண்டு படங்களிலிருந்து 4, 5, 6 ஒரு கிளையாகப் போகின்றன. அதே இரண்டிலிருந்து 1998இன் ஹெச்20, 2002இன் ரிசரெக்‌ஷன் என்று வேறொரு கிளை பிரிகிறது. நான்கு, ஐந்து, ஆறு நடந்ததாகவே அது காட்டிக்கொள்வதில்லை. 1982இன் மூன்றாம் பாகம் தனிக்கதை. ஸோம்பியின் இரண்டும் தனி உலகம். 2018இல் டேவிட் கார்டன் கிரீன் எடுத்த படம் 1978 ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டது. அதன் தொடர்ச்சியாக 2021, 2022 படங்கள் வந்தன.

கிளை கிளையாகப் பார்த்தால் கதை தெளிவாக இருக்கும்தான். இருந்தாலும் ஒரு படம் எதைத் தூக்கி எறிந்தது என்பது, எறியப்பட்டதைப் பார்த்தவருக்குத்தான் உறைக்கும். இரண்டாம் பாகம் லாரியை மைக்கேலின் தங்கை ஆக்கியது. நாற்பது ஆண்டுக்கால வரலாற்றில் பெரும்பகுதி அந்த ஒரு முடிச்சின் மேல்தான் நின்றது. 2018 படத்தில் ஒரு பாத்திரம் அதை யாரோ கிளப்பிவிட்ட கதை என்று போகிற போக்கில் தள்ளிவிடுகிறது. நடுவில் உள்ள படங்களோடு இரவுகளைக் கழித்துவிட்டு வருபவருக்கு அந்த ஒரு வரியின் கனம் தெரியும்.

படி 3: ஒரு நாளைக்கு எத்தனை?

இரண்டு. மிஞ்சிப்போனால் மூன்று. அதற்கு மேல் கண்டிப்பாக வேண்டாம்.

நகைச்சுவைப் படங்களை வரிசையாகப் பார்த்தால் சிரிப்பு சேர்ந்துகொண்டே போகலாம். பயம் அப்படிக் கூடிக்கொண்டே போவதில்லை. ஒரே வகை அதிர்ச்சி திரும்பத் திரும்ப வரும்போது உடம்பு அதைப் பழகிவிடுகிறது. கதவைத் திறந்தால் பின்னால் ஆள் நிற்பான் என்பது நான்காவது முறை நமக்கு முன்கூட்டியே தெரியும். அப்போது நான்காவதாக வந்த இயக்குநரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் ஸ்லாஷர் தொடர்களில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் கட்டமைப்பே ஒன்றுதான்: இளைஞர்கள், இருட்டு, கத்தி, தப்பிக்கும் ஒரு பெண்.

ஒவ்வொரு படத்துக்கும் தொடங்கிய நேரத்தையும், அன்றைக்கு அது எத்தனையாவது படம் என்பதையும் குறித்துவையுங்கள். அற்பமான விவரமாகத் தோன்றும். கடைசியில் ஒரு படம் எதிர்பாராமல் கீழே கிடக்கும்போது முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுதான்.

படி 4: மூன்று வரிக் குறிப்பு

இந்த முறை முழுவதும் இந்தப் படியின் மேல்தான் நிற்கிறது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதே மூன்று வரி எழுதுங்கள். உடம்பு எந்த இடத்தில் பதறியது? மனம் எந்த இடத்தில் விலகியது? கண்ணை மூடினால் எந்தக் காட்சி நிற்கிறது? மதிப்பெண் மட்டும் போட வேண்டாம். பத்துக்கு ஏழு என்று எழுதிவிட்டால் அடுத்த படம் தன் காலில் நிற்காது, அந்த ஏழுக்கு மேலா கீழா என்றே பேசிக்கொண்டிருக்கும்.

1978 படத்துக்கு என் மூன்றாவது வரி இது: "வாசல் ஓரம் லாரி அழுகிறாள், பின்னால் இருட்டிலிருந்து முகமூடி மெல்ல மேலே வருகிறது." அந்த ஷாட்டை எத்தனை முறை பார்த்திருப்பேனோ, இன்னும் முதுகு சில்லிடுகிறது. யாரும் பாய்ந்து வருவதில்லை. ஒன்றுமே இல்லாத கறுப்பில் ஒரு வெளிறிய முகம் இருப்பது நமக்குத் தெரிய வருகிறது, அவ்வளவுதான். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி வெளிச்சத்தைத் துளித்துளியாகக் கூட்டுவதால், அது முதலிலிருந்தே அங்கேதான் நின்றதோ என்ற சந்தேகம் வருகிறது. ரத்தம் மிகக் குறைவான படம் இது. கடையில் வாங்கிய, ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளையடித்துத்தான் அந்த முகத்தைச் செய்தார்கள். பணம் இல்லாத இடத்தில் பொறுமை வேலை செய்திருக்கிறது.

மூன்றாவது வரியை எழுத முடியாமல் பேனா நின்றால் அதுவும் பதில்தான். ஐந்தாம் பாகத்துக்கு அப்படி நின்றேன். மூன்றாம் வரிக்கான இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

படி 5: எதை வைத்து எடைபோடுவது?

நடிப்புக்கு இவ்வளவு, இசைக்கு இவ்வளவு என்று கட்டம் போட்டுக் கூட்டுவதை நான் விட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் சுமாரான படம் கூட்டலில் ஜெயிக்கும். ஒரே ஒரு விஷயத்தில் நம்மை உலுக்கிய படம் தோற்கும். திகிலில் உலுக்கல்தானே கணக்கு. ஆகவே ஒவ்வொரு படத்திடமும் சில கேள்விகள் மட்டும் கேட்கிறேன்.

பயத்துக்குக் காரணம் எது? சத்தமா, ரத்தமா, காத்திருப்பா? திடீர்ச் சத்தம் மட்டும் என்றால் இரண்டாம் முறை அது செத்துப்போகும். காத்திருப்பு இரண்டாம் முறையும் வேலை செய்யும், சில சமயம் கூடுதலாகவே. இசையும் இந்தக் கேள்வியில்தான் அடங்கும். முதல் படத்தின் இசை சேராத பிரதியைப் பார்த்த ஒரு ஸ்டுடியோ அதிகாரி பயமே வரவில்லை என்றதாக அதன் இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் சொல்லியிருக்கிறார். பிறகு அவரே போட்ட அந்தப் பியானோ மெட்டு ஐந்து தட்டுக்கு ஒரு சுற்று. நாலுக்குப் பழகிய காதுக்குக் காலூன்ற இடம் கிடைக்காது. உங்கள் தொடர் எதுவானாலும், ஒரு முக்கியக் காட்சியைச் சத்தமில்லாமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பயத்தில் எவ்வளவு பங்கு காதினுடையது என்று அப்போது தெரியும்.

அடுத்த கேள்வி, வில்லனை எவ்வளவு விளக்கிவிட்டார்கள்? தொடர் திகிலின் ஆறாத நோய் இது. முதல் படத்தின் நடிகர் பட்டியலில் முகமூடி போட்ட மைக்கேலுக்குப் பெயர்கூட இல்லை, 'உருவம்' என்றுதான் வரும். ஏன் கொல்கிறான் என்பதற்குப் பதில் கிடையாது. இரண்டாம் பாகம் உறவுமுறை சொன்னது. ஆறாம் பாகம் ஒரு ரகசியக் கூட்டத்தையும் சாபத்தையும் கொண்டுவந்தது. 2007 படம் அவனுடைய குழந்தைப் பருவத்தையே திறந்து காட்டியது. ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு பிடி பயம் குறைந்தது என்பதே என் கருத்து. ஸோம்பியின் படத்தில் உழைப்பும் கோபமும் இருக்கின்றன, அதை மதிக்கிறேன். ஆனாலும் பரிதாபப்பட்ட ஒருவனைப் பார்த்து அதே அளவு நடுங்க என்னால் முடியவில்லை.

முடிவு எப்படி? 1978இல் லூமிஸ் ஆறு முறை சுட்டபின் மைக்கேல் மாடியிலிருந்து விழுகிறான். எட்டிப் பார்த்தால் புல்தரையில் உடல் இல்லை. அதன் பிறகு காலி அறைகள், காலிப் படிக்கட்டு, வீடுகள், கூடவே அந்த மூச்சுச் சத்தம். அவன் எங்கேயும் இருக்கலாம் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். நான்காம் பாகத்தின் முடிவும் கிட்டத்தட்ட இந்தத் தரம்தான்: கோமாளி உடையில் கத்திரிக்கோலோடு படிக்கட்டின் மேல் நிற்கும் லாரியின் மகள், சிறுமி ஜேமி, கீழே அலறும் லூமிஸ். சிறுவன் மைக்கேல் கோமாளி உடையில் அக்காவைக் கொல்லும் முதல் படத்தின் தொடக்கக் காட்சி வட்டமாகத் திரும்பி வந்து நிற்கிறது. அடுத்த ஆண்டே வந்த ஐந்தாம் பாகம் அதைத் தொடராமல் பின்வாங்கியது. ஐந்தின் கோழைத்தனத்துக்காக நான்கின் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. ஒரு படம் முடிந்த இடத்தோடு அதன் பொறுப்பும் முடிந்தது.

சாகப்போகிறவர்கள் யாராவது நமக்கு வேண்டியவர்களா என்பதையும் கேளுங்கள். இதற்கு விரிவான விளக்கம் தேவையில்லை, பெயர் நினைவிருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

படி 6: நல்ல படமா, நல்ல பாகமா?

சண்டை பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. தொடரின் ஒரு பாகமாக ஏமாற்றுவது, படமாக அருமையாக இருக்கலாம். மூன்றாம் பாகம், சீசன் ஆஃப் த விட்ச், அதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கதை என்று தொடரைத் திருப்பும் யோசனையில் எடுத்த படம். மைக்கேல் இல்லை. குழந்தைகளுக்கு விற்கும் முகமூடிகள், டிவியில் ஓயாமல் வரும் ஒரு விளம்பரப் பாட்டு, அதன் பின்னால் ஒரு பயங்கரத் திட்டம். 1982இல் மைக்கேலைத் தேடி வந்தவர்கள் கோபத்தோடு திரும்பினார்கள். பிறகு ஆண்டுகள் போகப் போக அதற்கென்றே ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

நான் செய்வது இதுதான்: குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வாக்கியம். 'இது தனிப்படமாக வந்திருந்தால்...' என்று ஒன்று, 'இது இந்தத் தொடருக்குச் செய்தது...' என்று இன்னொன்று. தரவரிசை எதன்படி என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். என் பட்டியல் முதல் வாக்கியத்தின்படி. அதனால்தான் மூன்றாம் பாகம் என்னிடம் மேலே நிற்கிறது. தொலைபேசியில் அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிக் கதறும் கடைசி நொடியை, மைக்கேல் இருக்கும் பல படங்களின் க்ளைமாக்ஸுக்கு மேலே வைப்பேன்.

படி 7: ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்

கடைசிப் படம் முடிந்த அன்று பட்டியல் எழுதாதீர்கள். புதிதாகப் பார்த்தது பெரிதாகத் தெரியும். ஒரு வாரம் கழித்து, குறிப்பைத் திறக்காமல், ஒவ்வொரு படத்திலும் நினைவில் நிற்பதை எழுதுங்கள். பிறகு அன்றைய மூன்று வரியோடு ஒப்பிடுங்கள்.

அன்றைக்குப் பதறியது இன்றும் நிற்கிறதென்றால் அந்தப் படம் உறுதி. அன்றைக்கு ஒன்றுமில்லை, இன்றைக்குத் திரும்பத் திரும்ப நினைவு வருகிறது என்றால் களைப்பில் பார்த்திருக்கிறீர்கள். தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். 2022இன் ஹாலோவீன் எண்ட்ஸ் எனக்கு அப்படி ஆனது. பின்னிரவில் பார்த்தேன். மைக்கேல் ஒதுங்கி, கோரி என்ற இளைஞன் நடுவில் வந்தது எரிச்சலாக இருந்தது. ஒரு வாரம் கழித்து, ஒரு ஊர் தன் பயத்தை ஒரு பையன் மேல் ஏற்றி அவனை எப்படி வளைக்கிறது என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பகலில் மறுபடி பார்த்தேன். நான்கு இடம் ஏறியது.

படி 8: இரண்டிரண்டாக மோதவிடுங்கள்

பதின்மூன்று படங்களை ஒரேயடியாக மனதில் நிறுத்தி வரிசைப்படுத்த யாராலும் முடியாது. இரண்டை ஒப்பிட எல்லோராலும் முடியும். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் மோதவிட்டால் 78 ஒப்பீடு வரும். அவ்வளவு தேவையில்லை.

இப்படிச் செய்யுங்கள். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். முதல் சீட்டைக் கீழே வையுங்கள். அடுத்ததை அதோடு ஒப்பிட்டு மேலேயோ கீழேயோ வையுங்கள். மூன்றாவதிலிருந்து, ஏற்கெனவே அடுக்கியதன் நடுவில் உள்ள படத்தோடு முதலில் ஒப்பிடுங்கள். மேலே என்றால் மேல்பாதியின் நடுவோடு, கீழே என்றால் கீழ்ப்பாதியின் நடுவோடு. அதன் இடம் கிடைக்கும்வரை பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். எந்தச் சீட்டுக்கும் நான்கு ஒப்பீட்டுக்கு மேல் ஆகாது. 13 படத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 37. சீட்டைக் குலுக்குவது முக்கியம், வெளியான வரிசை மனதை இழுக்காமல் இருக்க.

ஒப்பிடும் கேள்வி எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 'எது சிறந்தது' என்ற கேள்வி வழுக்கும். ஒரு முறை ஒளிப்பதிவை நினைப்போம், மறுமுறை கதையை. 'இந்த இரண்டில் ஒன்று உலகத்திலிருந்தே அழிந்துபோகும் என்றால் எதைக் காப்பாற்றுவேன்?' என்பது என் கேள்வி. கை தானாக ஒன்றின் மேல் போகும். போனபின் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். கை ஒரு பக்கமும் காரணம் இன்னொரு பக்கமும் போனால், கையை நம்புங்கள், காரணத்தைத் திருத்துங்கள்.

படி 9: நடுவில் விழும் முடிச்சு

உச்சியும் அடியும் சீக்கிரம் அமைந்துவிடும். ஐந்தாம் இடத்திலிருந்து பத்தாம் இடம்வரைதான் இழுபறி. மூன்று படங்கள் வட்டமாகச் சுற்றும்: முதலாவது இரண்டாவதை வெல்லும், இரண்டாவது மூன்றாவதை வெல்லும், மூன்றாவது முதலாவதை வெல்லும். இது உங்கள் தவறு கிடையாது. மூன்றும் வேறு வேறு விஷயத்தில் நல்லவை, அவ்வளவுதான்.

அப்போது மூன்றின் முதல் இருபது நிமிடத்தையும் ஒரே பகலில், வெளியான வரிசைக்கு நேர்மாறாகப் பாருங்கள். எதை நிறுத்த மனம் வரவில்லையோ அது மேலே. எனக்கு இரண்டாம் பாகம், ஹெச்20, 2009 மூன்றும் இப்படிச் சுற்றின. ஹெச்20 ஜெயித்தது. பெயரை மாற்றிக்கொண்டு, ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியையாக, இருபது ஆண்டு பயத்தோடு வாழும் லாரியை ஜேமி லீ கர்ட்டிஸ் முதல் சில நிமிடங்களிலேயே கண்முன் நிறுத்திவிடுகிறார். வட்டக் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவளும் மைக்கேலும் முகத்துக்கு முகம் நிற்கும் காட்சி பின்னால் வரப்போகிறது என்று தெரிந்ததும் என்னால் நிறுத்த முடியவில்லை.

நண்பர்களோடு பார்த்தால் ஒன்று மட்டும்: எல்லோரும் மூன்று வரியை எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் பேசியவரின் கருத்து மற்றவர்களின் நினைவையே மாற்றிவிடும்.

படி 10: எழுதும்போது

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காட்சியைச் சாட்சி வையுங்கள். 'சலிப்பாக இருந்தது' என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. '2021 படத்தில் லாரியைப் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே வைத்துவிட்டு, கும்பலின் கூச்சலை நம்பிக் கதையை நகர்த்தினார்கள்' என்றால் வாசிப்பவர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம்.

கடைசி இடத்துப் படத்துக்கும் இதே மரியாதை வேண்டும். என் பட்டியலில் அது ரிசரெக்‌ஷன். ஹெச்20இன் முடிவில் தலை போனது மைக்கேல் இல்லை, முகமூடி மாட்டிவிடப்பட்ட ஒரு மருத்துவ ஊழியர் என்று மாற்றியது. லாரியைத் தொடக்கத்திலேயே கொன்றது. இந்த இரண்டுக்கும் என்னிடம் மன்னிப்பு இல்லை. அதேசமயம், மைக்கேலின் பழைய வீட்டுக்குள் கேமராக்களோடு ஆட்களை அனுப்பி இணையத்தில் நேரலை காட்டும் யோசனை 2002க்கு நல்ல யோசனை. அதையும் எழுதினேன்.

என் வரிசை இப்போது இப்படி நிற்கிறது: 1978, மூன்றாம் பாகம், 2018, நான்கு, ஹெச்20, எண்ட்ஸ், இரண்டாம் பாகம், 2009, ஆறு, 2007, 2021, ஐந்து, ரிசரெக்‌ஷன். இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையில்தான் இன்னும் அமைதியில்லை. 2018இல் மைக்கேல் வீடு வீடாக நுழைந்து வெளியே வரும் அந்த நீண்ட ஷாட்டைப் பார்க்கும்போதெல்லாம் சீட்டுகளை மாற்றிவைக்கிறேன். அந்த விளம்பரப் பாட்டு காதில் ஓடத் தொடங்கியதும் திரும்ப மாற்றுகிறேன். அடுத்த முறை இந்த இரண்டை மட்டும், பகலில், இரண்டு நாள் இடைவெளி விட்டு, வரிசையை மாற்றி மாற்றிப் பார்க்கப்போகிறேன்.